ராஜபார்ட்டின் குரல் விழுந்த தொட்டி

செங்கரட்டுப்பட்டியில் திராட்சை ரசவிழாவை நடத்திவந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வெறுத்தார்கள் என்றால், விழா நோட்டீஸில் தங்கள் பெயர்கள் ஒரே பக்கத்தில் வருவதைக்கூட அவர்களால் பொறுக்க முடியவில்லை. அச்சகத்துக்காரர் முன்பக்கம் ஒருவர் பெயரையும் பின்பக்கம் இன்னொருவர் பெயரையும் போட்டுப் பார்த்தார். பிறகு எது முன்பக்கம் என்று தகராறு வந்து, கடைசியில் பெயரைத் தவிர இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி அடித்து, எடுக்கிறவன் கையில் எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதுதான் முன்பக்கம் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்ப்புச் சொல்லி முடித்துவைத்தார்கள்.

ஒருத்தி பிலோமினா. கரட்டுக் குன்றின் அடியில் இருக்கிற ஒயின் ஆலை அவளுடையது. மாதா கோயில் பூசைக்குத் திராட்சை ரசம் செய்து கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் தொழிலைக் கற்று, அவர் போன பிறகு ஒரு தொட்டியை நாலு தொட்டியாக்கி, லைசன்ஸ் வாங்கி, மதுரைக்கும் மூணாறுக்கும் பாட்டில் அனுப்பும் அளவுக்கு அதை வளர்த்தவள். இன்னொருவர் ராஜபார்ட் வைரவசாமி. நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவரை ராஜபார்ட் என்பார்கள். அந்த வட்டாரத்தில் அப்படி எத்தனையோ பேர் இருந்தாலும், மைக் இல்லாமல் பாடி எதிர்க்கரட்டில் ஆடு மேய்க்கிறவளைத் தலைநிமிர வைத்த குரல் அவருக்கு மட்டும்தான் இருந்தது. நாடக சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவளிடம் களமும் ரசமும் இருந்தன, அவரிடம் ஆளும் பாட்டும் இருந்தன. ஊருக்கு இரண்டும் வேண்டியிருந்ததால், மாசி மாதத்தில் ஒருநாள், ஆலைக்கு முன்னாலிருக்கிற களத்தில் மேடை போட்டு, மலையரசி நாடகத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ரசம் என்று ஊற்றிக் கொடுக்கிற விழா ஆரம்பமானது. மலையரசி தினைப்புனத்தில் அறிமுகமாகும்போது வெளிறிய இளம் ரசம். ஆற்றைத் திறந்துவிடச் சொல்லி ராஜா அவளோடு தர்க்கம் பண்ணும்போது கறுத்த கெட்டி ரசம். தோற்றுப்போன ராஜா அழும்போது பழைய இனிப்பு ரசம். கேரளாவிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள்.

ஆனால் விழா பெருகப் பெருக, சனம் எதற்கு வருகிறது என்கிற கேள்வியும் பெருகியது. பாட்டுக்குத்தான் வருகிறது, ரசம் வெறும் தாகத்துக்கு என்றார் வைரவசாமி. ரசத்துக்குத்தான் வருகிறது, பாட்டு சும்மா கூட ஒரு சத்தத்துக்கு என்றாள் பிலோமினா. அவர் அவளுடைய ரசத்தில் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. அவர் பாடும்போது அவள் ஆலைக்குள்ளே போய் மோட்டாரைப் போட்டுப் பாட்டில் கழுவுவாள். இப்படியே வருஷங்கள் போயின.

அந்த வருஷம் மாசிக்குப் பல மாதம் முன்பே ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, பிலோமினா ஒரு பித்தளை மணியோடு களத்துக்கு வந்து, ஒவ்வொரு ரசமும் ஊற்றும்போது மணியடிப்பேன், அப்போது பாட்டை நிறுத்தவேண்டும், அது என்ன ரசம், எந்தத் தோட்டத்துப் பழம் என்று நான் சனத்துக்குச் சொல்லவேண்டும் என்றாள்.

"ராஜா அழுதுக்கிட்டு இருப்பான், நீ மணியடிப்பியா?" என்றார் வைரவசாமி.

"அழுகுறது எங்க போகப்போகுது? நான் சொல்லி முடிச்சதும் விட்ட இடத்துல இருந்து அழுகட்டும்."

"ஏ ரசக்காரி, ஐஸ் விக்கிறவன்தான் மணியடிப்பான்."

"யோவ், ஊத்துறதக் குடிக்கத்தான்யா சனம் வருது. நீ பாடுறது என் ரசத்துக்குத் தொட்டுக்க ஊறுகா."

களத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரணம் என்று பிறகு ஊரில் சொல்லிக்கொண்டார்கள். வைரவசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். நேரே ஆலைக்குள் போனார். முந்தின நாள் மிதித்துவிட்ட பன்னீர்த் திராட்சை நாலாம் தொட்டியில் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. மேலே மிதக்கிற பழத்தோலை அமுக்கிவிடுவதற்காகச் சாத்தியிருந்த ஏணியில் ஏறினார். "நான் பாடுனா பாலே திரியும். உன் ரசம் என்ன கதியாகுதுன்னு பாருடி" என்று சொல்லிவிட்டு, தலையைத் தொட்டிக்குள் விட்டு, மலையரசியின்மேல் ராஜா கோபம் கொண்டு பாடுகிற பாட்டை, "மலையே மலையே, மறுத்தால் உடைப்பேன்" என்று எட்டாத உச்சியில் எடுத்தார்.

எடுத்த குரல் திரும்பி வரவில்லை. அவர் தலையை வெளியே எடுத்தபோது மீசையில் ஊதா நுரை இருந்தது, வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் இல்லை. கீழே நின்றவர்கள் அவர் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தார்கள். அதற்குள் பாட்டின் இரண்டாம் அடி தொட்டிக்குள்ளிருந்து, நுரையை விலக்கிக்கொண்டு, தாளம் தப்பாமல் எழுந்து வந்தது. முதலில் காரியம் பார்த்தது ஆர்மோனியம் பிச்சைமணிதான். ஆரம்பித்த பாட்டைச் சுருதி இல்லாமல் அநாதையாக விடக்கூடாது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, தொட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டையைப் பிடித்து, பாட்டு முடியும்வரை வாசித்தார்.

கம்பத்தில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டை நல்லா இருக்கு, குரல்தான் இல்லை என்றார். வந்ததற்கு வயிற்றெரிச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பங்குச் சாமியார் வந்து தொட்டியில் காதை வைத்துக் கேட்டு, இது பூசைக்குப் போகிற தொட்டி இல்லையே என்று இரண்டு தரம் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு, நிம்மதியாகப் போய்விட்டார். காளியம்மன் கோயில் பூசாரி, ஆற்றில் விழுந்திருந்தால் ஆத்தாளிடம் கேட்கலாம், பட்டா இடத்தில் விழுந்ததை உரியவரிடம்தான் கேட்கவேண்டும் என்றார். போலீஸ் ஸ்டேஷனில் குரலைக் காணோம் என்று எழுதிக் கொடுக்கப் போனார்கள். எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்றார் எஸ்.ஐ. தெரியும் என்றார்கள். அப்படியானால் அது காணாமல் போகவில்லை என்று அனுப்பிவிட்டார்.

ஆக, ஊர்க்கூட்டம் கூடியது. வைரவசாமிக்காகப் பேச அவர் மனைவி முத்துப்பேச்சி வந்தாள். ஒல்லியானவள், அவருடைய ராஜா உடுப்பைத் தோய்ப்பது, கிரீடத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒட்டுவது, ஊர் ஊராக வேஷப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது என்று இருந்தவள், அவள் பேசி அதுவரை யாரும் அதிகம் கேட்டதில்லை. வைரவசாமி கையை ஒருமுறை தூக்கி இறக்கினார்.

"அவரு சொல்றாரு," என்றாள் முத்துப்பேச்சி, "குரல் அவரு பொறக்கும்போதே கொண்டாந்தது, அதப் பதுக்கி வச்சிருக்கவ வெளங்கமாட்டா, அவ கொடியில புழு விழுகும், அவ தொட்டி வெடிச்சுத் தெருவுல ஓடும், அப்படிங்கிறாரு."

"இம்புட்டையும் ஒரு கையத் தூக்கியா சொன்னாரு?" என்றாள் பிலோமினா.

"மிச்சத்தக் கண்ணால சொன்னாரு."

"அப்பக் கண்ணாலயே பாடச் சொல்லு. நான் கூப்பிட்டனா அதை? ஏறி வந்து, என் தொட்டியில தலைய விட்டு, என் ரசத்தக் கெடுக்கப் பாத்து, தானா விழுந்தது. பக்கத்து வீட்டுத் தேங்கா என் கொல்லையில விழுந்தா அது என் கொழம்புக்குத்தான்."

குரலையும் ரசத்தையும் பிரித்தெடுக்க வழி தெரியாததால், ரசம் பக்குவமாகிறவரை தொட்டியை யாரும் தொடக்கூடாது என்று கூட்டம் முடிவு செய்தது. அதன் பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. தோலை அமுக்குகிற பெண்கள் அதன் தாளத்துக்குக் கழியைப் போட்டார்கள்; வேலை சீக்கிரம் முடிந்தது. சாயங்காலமானால் பக்கத்துத் தெருப் பெண்கள் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு வந்து ஆலைச் சுவரோரம் உட்கார்ந்து உருவினார்கள். தொட்டி சோகப் பாட்டு எடுத்தால் பச்சைப்பிள்ளைகள் தூங்கின. ரசம் பொங்கிய நாள்களில் குரலும் கரகரத்துச் சீறியது; பொங்கி அடங்கியதும் அதுவும் அடங்கியது; பிறகு இனிப்புக் குறைந்து, தெளிந்து, அடிவண்டல் பிரிந்து, ஒரு நாள் காலையில் எழுந்துவந்த ஆலாபனையைக் கேட்டுப் பிச்சைமணி ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ராகத்தக் கொழைக்கிற இந்த இழைப்பு அவரு தொண்டையில இருந்தப்ப இம்புட்டுச் சுத்தமா விழுந்ததில்ல" என்றார்.

எதிரே ஓடைப்பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்த வைரவசாமி அதைக் கேட்டார். அவர் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தன்னைவிட நன்றாகப் பாடுகிற தன்னைக் கேட்டுக்கொண்டு, முகம் கறுத்து, முழங்காலில் விரலால் தாளம் போடாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு. பிலோமினா ஆலை கேட்டுக்கு வந்து அவரைப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இப்போது அவள் மோட்டாரைப் போடுவதில்லை.

மாசி வந்தது. ராஜபார்ட் இல்லாமல் விழா எப்படி என்று சங்கத்தார் கேட்டார்கள். "ராஜா என் தொட்டியில இருக்காரு" என்றாள் பிலோமினா. போலீஸ் அனுமதி இருட்டுகிறவரைதான் என்பதால் விழா எப்போதும் உச்சிவெயில் சாய்ந்ததும் தொடங்கிவிடும். மலையரசி வேஷம் கட்டின பெண் மேடையில் நின்று, ராஜா வரவேண்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பிலோமினா மணியை அடித்து, நாலாம் தொட்டி ரசத்தைச் சனத்துக்கு ஊற்றினாள். முதல் கிளாஸைக் குடித்தவர் கூடலூர் வாழைக்காய் வியாபாரி துரைச்சிங்கம். இன்னொன்று ஊற்று என்று கேட்கத்தான் அவர் வாயைத் திறந்தார். வந்தது ராஜபார்ட்டின் குரல். அவர் கொஞ்சமும் அதிரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு, "மலையே மலையே" என்று எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் குடித்துவிட்டு இரண்டாம் அடியைப் பிடித்தார். அப்புறம் வரிசை வரிசையாக, பெண்களும் ஆண்களும், பாட்டே தெரியாதவர்களும் தாளமே இல்லாதவர்களும், நாக்கில் அந்த ருசி இருக்கிறவரை அத்தனை பேரும் ராஜாவானார்கள். மலையரசி ஒருத்தி மேடையிலிருந்து கேள்வி கேட்க, களம் முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது. அந்தச் சத்தத்தில் கரட்டிலிருந்து சரளைக்கல் உருண்டு விழுந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முன்வரிசையில், சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, முழங்கால்மேல் கை வைத்து வைரவசாமி உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. பிலோமினா மட்டும் பார்த்தாள்.

வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பாட்டு எல்லாருக்கும் ஒருநாளைக்குப் போதும். சண்டை தினமும் இருக்கிறது. வரப்புத் தகராறில் எப்போதும் தோற்கிற தம்பி ஒருத்தன் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போய்க் குடித்துவிட்டு, அண்ணன் வாசலில் நின்று நியாயம் கேட்டான். அந்தக் குரலைக் கேட்டு அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டான். அது ஊருக்குத் தெரிந்ததும் ஆலையில் கூட்டம் நெருக்கியது. மருமகள் மாமியாரைக் கேட்டாள். மாமியார் அடுத்த நாளே குடித்துவிட்டு மருமகளைக் கேட்டாள். பங்காளிகள் கேட்டார்கள், தண்ணீர் வராத தெருக்காரர்கள் பஞ்சாயத்துத் தலைவரைக் கேட்டார்கள், கட்டிக்கொடுத்த இடத்தில் அடிபட்டு வந்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய் நடுத்தெருவில் நின்று கேட்டாள். பட்டி முழுக்க ஏச்சு உச்சஸ்தாயியில் ஒலித்தது. வசவுக்கு இழைப்பு விழுந்தது. தாயைப் பழிக்கிற வார்த்தைகூட ராகத்தோடு வந்தது. ஏச்சு வாங்கியவர்கள் வீட்டுக்குள் போய்ப் படுத்து யோசித்தார்கள். திட்டியவன் முகம் அவர்களுக்கு நினைவில் நிற்கவில்லை, குரல்தான் காதிலேயே நின்றது. குரலுக்கு உரியவர் யார் என்பது ஊருக்கே தெரியும். அதனால் அவர்கள் எழுந்து போய் வைரவசாமி வீட்டு வாசலில் நின்று திட்டினார்கள்.

"என் பொறப்பப் பத்திப் பேச நீ யாருய்யா?" என்று கேட்டார்கள். அவரால் நான் இல்லை என்று சொல்ல முடியவில்லை. முத்துப்பேச்சி வெளியே வந்து, "அவரு வாயே தொறக்கலயே சாமி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. சுவரில் சாணி அடித்தார்கள். கை தட்டிய ஊர் முழுக்க இப்போது அவரைக் கண்டால் காறித் துப்பியது.

இதெல்லாம் பிலோமினாவுக்கு இனித்திருக்கவேண்டும். இனிக்கவில்லை. பாட்டில் வாங்க வந்தவர்கள் எல்லாரிடமும் அவள் கேட்டாள்: "ரசம் எப்படி இருந்துச்சு?"

"குரல் அருமைக்கா" என்றார்கள்.

"குரல் கெடக்குது. ருசி?"

யோசித்தார்கள். புளிப்பா, துவர்ப்பா, ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. விழுங்கின வேகத்தில் கத்தப் போய்விட்டிருந்தார்கள். அவளே ஒருநாள் ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, கணக்குப்பிள்ளையிடம், "துவர்ப்பு ஒரு பங்கு கூட" என்று சொன்னபோது, தன் வாயிலிருந்து அந்த ஆளின் குரல் வந்ததைக் கேட்டு, அப்படியே துப்பி, வாயைச் சாம்பல் போட்டுக் கொப்பளித்தாள். தன் கையால் செய்ததிலேயே சிறந்த ரசம் அதுதான் என்று அவளுக்கு மணத்திலேயே தெரிந்தது. அதை இன்னொரு வாய் குடித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. ஜெயித்தது தான்தான் என்று அவள் தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் சனம் தன்னிடம் வாங்கிப் போவது அவனைத்தான், தான் வெறும் பாட்டில்தான் என்று தோன்றும்போது, ஓடைப்பாலத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த உருவத்தின்மேல் அவளுக்கு முன்னைவிடப் பத்து மடங்கு ஆத்திரம் வந்தது.

தொட்டி வற்றி, கடைசியில் ஒரு கண்ணாடி ஜாடி மிஞ்சியபோது, சண்டையில் களைத்துப்போயிருந்த ஊர் மறுபடி கூடியது. மிஞ்சியதை அவருக்கே கொடுத்துவிடு, மொத்தமும் குடித்தால் குரல் உள்ளே தங்கினாலும் தங்கும் என்றார்கள்.

"குடுக்குறேன்," என்றாள் பிலோமினா. "மேடையில ஏறி, சனத்துக்கு முன்னாடி, ரெண்டு கையையும் கூப்பி என்கிட்ட கேக்கச் சொல்லுங்க."

வைரவசாமி கீழே கிடந்த கல்லை எடுத்தார். முத்துப்பேச்சி அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டாள். "அவரு மாட்டேங்கிறாரு" என்றாள். அதற்குமேல் எதையும் அவள் சேர்க்கவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறிக்கொண்டிருக்கிற நேரம், முத்துப்பேச்சி தனியாக ஆலைக்கு வந்தாள். கையில் கட்டைப்பை இருந்தது. பிலோமினா ஜாடியின்மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பதிலா நீ கும்பிட வந்தியாக்கும்?"

"அவருக்காக வரலக்கா. எனக்கு ஒரு கிளாசு வேணும்."

"யாரோட சண்ட?"

"சண்ட எதுவும் இல்லக்கா."

ஊரில் அந்த ரசத்தைச் சண்டை இல்லாமல் கேட்ட முதல் ஆள் அவள்தான். அதற்காகவோ, அல்லது இவள் என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்கிற வன்மத்துக்காகவோ, பிலோமினா துணியை அவிழ்த்து ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தாள். முத்துப்பேச்சி கசாயம் குடிக்கிறதுபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த பழப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பேச்சி" என்றாள்.

அந்தக் குரலில் அந்தப் பெயரை அங்கே இருந்த யாரும் கேட்டதில்லை. பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"பேச்சி, சாப்பிட்டியா?"

நாக்கில் ருசி இருக்கிறவரை அவளுக்குத் தன் குரல் கிடையாது. பதில் சொல்ல முடியாது. அதனால் அவள் தலையை ஆட்டினாள். சாப்பிட்டேன் என்று.

"பேச்சி, காலு வலிக்குதா? நீ உக்காரு. பெட்டிய நான் தூக்குறேன்."

பிலோமினா அந்தக் குரலை எத்தனையோ விதமாகக் கேட்டிருந்தாள். அது அதட்டும், அழும், அவளை ஏசும், நூறு பேர் வாயில் ஏறி ஊரை ஏசும்; ஒரு மனுஷியிடம் சாப்பிட்டியா என்று கேட்கவும் அதற்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ருசி தேய்ந்து அந்தக் குரல் மங்கத் தொடங்கியதும், முத்துப்பேச்சி கேட்காமலே பிலோமினா இன்னொன்று ஊற்றினாள். முத்துப்பேச்சி குடித்தாள். சங்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் பந்தி போட்டுவிட்டு வந்த தன்னிடமே நீ எப்ப சாப்பிடுவே என்று கேட்டாள். தான் காய்ச்சலில் கிடந்த ஒரு நாளை நினைத்துத் தன் நெற்றியிலேயே கை வைத்துப் பார்த்தாள். பிள்ளை தங்காமல் போனபோது சொல்லியிருக்கவேண்டிய ஒரு வார்த்தையைச் சொன்னாள், அதைப் பாட்டில் அடுக்குகிறவர்கள் கேட்கக்கூடாது என்று பிலோமினா அவர்களை வெளியே அனுப்பினாள். சொல்வதும் அவளே, தலையாட்டுவதும் அவளே. பிலோமினா ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஜாடியில் ஒரு கிளாஸ் அளவு மிஞ்சியபோது முத்துப்பேச்சி கையை நீட்டி மறித்தாள்.

"இது அவருக்கு" என்றாள், அவர் குரலில்.

நிமிர்ந்தால், வைரவசாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பாலத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் குரல் கேட்டிருக்கிறது. எவ்வளவு கேட்டது என்று முகத்தில் தெரியவில்லை. ஆலைக்குள் அவர் கால் வைத்தது அந்த ஒத்திகை நாளுக்குப் பிறகு அன்றுதான். வெளியே அனுப்பப்பட்டவர்கள் அவர் பின்னாலேயே திரும்பி வந்துவிட்டார்கள். பிலோமினா மிச்சத்தைக் கிளாஸில் வடித்துப் பெட்டியின்மேல் வைத்தாள்.

"எடுத்துக்க. கும்பிட வேணாம்."

அவர் எடுத்தார். அந்த நாக்கு அதுவரை தொடாத ரசத்தை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். முத்துப்பேச்சி பெட்டியிலிருந்து எழுந்தாள். முந்தானையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். மேடையில் தன் பெயரைக் கூப்பிட்டுப் பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தவர்கள் நிற்பார்களே, அப்படி நின்றாள்.

வைரவசாமியின் மார்பு விரிந்தது. மூச்சை இழுத்தார். இழுத்துவிட்டு, அவள் பக்கம் இல்லை, பிலோமினா பக்கம் திரும்பினார்.

"ஏ ரசக்காரி!" என்று எடுத்தார். கூரைத் தகரம் அதிர்ந்தது. "என் குரலச் சந்தியில ஊத்தி வித்தவளே! எவன் எவன் எச்சி வாயிலயோ என்ன ஏத்திவிட்டவளே! உன் கொடி பட்டுப்போக, உன் தொட்டி வத்திப்போக!"

பிலோமினா பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தாள். வாய் நிற்கவில்லை.

"வாய்யா ஊறுகா! ஏணி வச்சு ஏறி வந்து விழுந்தவன் நீ! உன்னச் சீந்துறதுக்கு ஆளு இல்லாம என் ரசத்துல மிதந்தவன் நீ!"

"நான் மிதந்ததாலதான்டி உன் புளிச்சதண்ணிக்குப் பேரு வந்துச்சு!"

"புளிச்சதண்ணியா? அதக் குடிச்சுட்டுத்தான்யா இப்பக் கத்துற!"

அவர் ஒரு படி ஏற்றினார், அவள் ஒரு படி ஏற்றினாள். அவர் ராகத்தில் ஏச, அவள் தாளம் தப்பாமல் பதில் கொடுத்தாள். அந்தக் களத்து மேடையில் எந்த ராஜாவும் எந்த மலையரசியும் அப்படி ஒரு தர்க்கம் பண்ணியதில்லை என்று வேலைக்காரர்கள் பிறகு சொன்னார்கள். சத்தம் கேட்டு ஓடிவரும்போது ஆர்மோனியத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்த பாவத்துக்குப் பிச்சைமணி தலையில் அடித்துக்கொண்டார். வைரவசாமியின் முகம் பழையபடி சிவந்து, கண் மின்னி, அவர் சந்தோஷமாக இருந்தார். ஏசிக்கொண்டிருக்கும்போதே பிலோமினாவுக்குத் தெரிந்தது, தானும் சந்தோஷமாக இருக்கிறோம் என்று. அப்போதுதான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்தாள்.

பிலோமினா சட்டென்று வாயை மூடினாள். அங்கே பார் என்று கையைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. ருசி நாக்கில் தேய்ந்துகொண்டிருந்தது. குரலின் ஓரம் பிசிறு தட்டியது. இருக்கிற கொஞ்சத்தையும் விட்டுவிடக்கூடாது என்கிற அவசரத்தில் அவர் விரலை அவள் முகத்துக்கு நேராக நீட்டி, "பிலோமி" என்றார். மீதி எழுத்து வரவில்லை.

அதுதான் அந்தக் குரல் உலகத்தில் சொன்ன கடைசி வார்த்தை.

முத்துப்பேச்சி குனிந்து கட்டைப்பையை எடுத்தாள். பையில் அவளுடைய இரண்டு சேலைகள் இருந்தது இப்போதுதான் பிலோமினாவின் கண்ணில் பட்டது.

"எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்க்கா" என்றாள். அவளுடைய சொந்தக் குரல் திரும்பியிருந்தது, சின்னக் குரல். "ஜாடியக் கழுவி வச்சிருங்க."

அவள் வாசலைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ரோட்டுக்கு ஏறினாள்.

"கூப்பிடுய்யா" என்றாள் பிலோமினா.

வைரவசாமி வாயைத் திறந்தார்.

"போறாய்யா, கூப்பிடு! பேரு சொல்லிக் கூப்பிடு!"

கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் வந்தது. பிலோமினா வாசலுக்கு ஓடினாள். கத்திக் கத்தி உடைந்துபோயிருந்த தன் குரலில், "பேச்சி! ஏ பேச்சி!" என்று கூப்பிட்டாள். முத்துப்பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. அது அவள் கேட்க விரும்பிய குரல் இல்லை. சின்னமனூர் போகிற மினி பஸ் வந்து நின்றது. பையை முதலில் ஏற்றிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.

புழுதி அடங்கியதும் பிலோமினா திரும்பினாள். அவர் நின்ற இடத்திலேயே, ரோட்டைப் பார்த்து, இன்னும் வாயைத் திறந்தபடி நின்றார்.

"மூடுய்யா வாய" என்றாள் அவள்.

அவர் மூடவில்லை.